காத்திருக்க முடிந்தவன் சொல்வதே விலை

தாயி, எம்.ஏ. பொருளாதாரம் படிக்கச் சென்னைக்குக் கிளம்புகிறாய். நீ அனுப்பிய பாடத்திட்டத்தை வரி விடாமல் படித்துவிட்டேன். ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ, கீன்ஸ் எல்லாரும் வரிசையாக இருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், விருப்பப் பாடங்களுக்கு நடுவே, உலக அரசியல் பொருளாதாரத்தைத் ஏழைத் தெற்கு நாடுகளின் கண்ணால் பார்க்கிற ஒரு தாளும் இருக்கிறது. அதை எடுக்கலாமா, வேலைவெட்டிக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறாய். எடு. வேலைக்கு உதவுமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அனுமந்தன்பட்டியில் பிறந்த பிள்ளைக்கு அதில் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்; பெயர்கள்தான் தெரியாது.

நான் போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கெழுதிக் காலம் கழித்தவன். அங்கே நான் கற்றதெல்லாம் ஒரே சங்கதிதான். காத்திருக்க முடிந்தவன் விலை சொல்கிறான், முடியாதவன் கேட்டுக்கொண்டு போகிறான். தேவை, அளிப்பு என்று உன் புத்தகம் இரண்டு கோடுகளை வெட்டவிட்டு, வெட்டுகிற இடத்தில் விலை என்று எழுதியிருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் படத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி நிதானமாக நிற்கிறார்கள். நான் பார்த்த ஒரு வியாபாரத்திலும் அப்படி இல்லை.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை எடுத்துக்கொள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டிப் பக்கம் வருஷம் பூராவும் ஏதாவது ஒரு பந்தலில் வெட்டு நடந்துகொண்டிருக்கும். இந்தியாவில் இப்படி வேறு எங்கும் அதிகம் பார்க்க முடியாது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் பழுத்த குலைக்குக் குறியீடு தெரியுமா? தோல் மெல்லிசு. ஒரு மழை பெய்தால் வெடித்துவிடும், ஈ மொய்க்கும். வியாபாரி பந்தலுக்குக் கீழே நின்று வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு விலை சொல்வான். அந்தப் பார்வையிலேயே கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைந்துவிடும். விவசாயியும் அதே வானத்தைத்தான் பார்க்கிறார். மேகம் அவருக்குத்தான் நஷ்டம்.

ஏலக்காய் அப்படியில்லை. உலர்த்தி வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். அப்படியானால் ஏலக்காய்க்காரன் ராஜாதானே என்று நினைப்பாய். இங்கேதான் கணக்குப் புத்தகம் பேசும். ஐம்பது ஏக்கர்க்காரர் சொந்த ஸ்டோரில் காயை உலர்த்தி, மூட்டை கட்டி, விலை ஏறட்டும் என்று வீட்டிலிருப்பார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர் சீசன் தொடக்கத்திலேயே உரத்துக்கும் கூலிக்கும் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். அவர் பேரில் வரவுப் பக்கம் ஒரு காய்கூட ஏறுவதற்கு முன்பே பற்றுப் பக்கம் நிறைந்துவிடும். உலர்த்த இடமில்லாவிட்டால் பச்சைக்காயாகவே கொடுத்துவிடுவார். ஐந்து கிலோ பச்சை சுமார் ஒரு கிலோ உலர்காயாகும் என்ற கணக்கில் அவருக்கு விலை போடுவார்கள். ஏலக்கூடத்தில் சாம்பிள் பையை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, லிட்டர் எடை கேட்டு விலை கூவுவதெல்லாம் பிறகு நடக்கிற கூத்து. இப்போது கூவுவதும் கணினியில்தான். அட்வான்ஸ் வாங்கியவருக்கு விலை அங்கே முடிவாவதில்லை, சீசன் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

இனி மலையைத் தாண்டுவோம். ஏலக்காய் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தச் செடி. திருவிதாங்கூர் அரசு ஒரு காலத்தில் அதைத் தன் ஏகபோகமாகவே வைத்திருந்தது. 1914 வாக்கில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் அந்தச் செடியை மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவின் ஆல்டா வெரபாஸ் மலைகளுக்குக் கொண்டுபோனார். அந்த நாட்டுக்காரர்கள் ஏலக்காய் சாப்பிடுவதே இல்லை என்று சொல்லலாம். விளைவதெல்லாம் கப்பலேறும், பெரும்பகுதி அரபு நாடுகளின் கஹ்வா காப்பிக்கு. 1980-களில் குவாத்தமாலா நம்மை உற்பத்தியில் முந்தியது, சவூதிச் சந்தையையும் பிடித்துக்கொண்டது. போடியில் அப்போது கடைக்குக் கடை குவாத்தமாலாவைத்தான் திட்டினார்கள், ஏதோ பக்கத்து ஊர்ப் பங்காளி வரப்பை வெட்டிவிட்ட மாதிரி.

யார் அந்தக் குவாத்தமாலாக்காரன்? பெரும்பாலும் கெக்சி என்கிற மாயா பழங்குடி மக்கள், துண்டு நிலக்காரர்கள். உலர்த்தும் அடுப்பு அவர்களிடம் இல்லை. பச்சைக்காயைச் சுமந்து வந்து இடைத்தரகரிடம் போடுகிறார்கள். அந்தத் தரகருக்கு அங்கே பெயர் ‘கொயோட்டே’, ஓநாய்ச் சாதி மிருகம். நான் இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். நம் ஊரில் இவ்வளவு வெளிப்படையாகப் பெயர் வைக்க மாட்டோம். 1952-இல் அந்த நாட்டில் அர்பென்ஸ் என்ற அதிபர் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். யுனைடெட் ஃபுரூட் என்ற அமெரிக்கப் பழக் கம்பெனியின் தரிசு நிலமும் அதில் சிக்கியது. 1954-இல் அமெரிக்க உளவுத்துறையின் ஏற்பாட்டில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். அந்தப் போருக்கு நடுவில் நிலமில்லாமலும் அரை நிலத்தோடும் நின்றவர்கள் விளைவித்த காய்தான் நம் காயின் விலையைச் சரித்தது. ஆக, போடிக் கமிஷன் கடையில் ஒரு நாளைய விலை ஏன் விழுந்தது என்று கேட்டால், பதிலில் ஒரு துண்டு வாஷிங்டனில் கிடக்கிறது. இப்படி நூல் பிடித்துக்கொண்டே போவதற்குத்தான் உன் பாடத்திட்டத்தில் அந்தத் தாளுக்கு அவ்வளவு நீண்ட பெயர்.

நூல் பிடித்தவர்களில் சிலரைச் சொல்கிறேன். அர்ஜென்டினாவின் ரவூல் பிரெபிஷ் மத்திய வங்கியில் உட்கார்ந்து, 1930-களில் தன் நாட்டுக் கோதுமையும் இறைச்சியும் விலை சரிவதைக் கண்ணால் பார்த்தவர். 1949-இல் எழுதினார்: மூலப்பொருள் விற்று இயந்திரம் வாங்குகிற நாடு, காலப்போக்கில் அதே இயந்திரத்துக்கு மேலும் மேலும் மூட்டை கொடுக்க வேண்டிவரும். 1964-இல் ஜெனிவாவில் கூடிய ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி மாநாட்டுக்கு அவரே முதல் செயலர். 1974-இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் இலங்கையின் காமனி கொரயா. 1976-இல் நைரோபியில் அவர் ஒரு திட்டம் வைத்தார். தேயிலை, கோக்கோ, சணல், ரப்பர் போன்ற பொருள்களுக்கு ஒரு பொது நிதி வேண்டும், விலை விழும்போது வாங்கிக் கிட்டங்கியில் போட வேண்டும், ஏறும்போது விற்க வேண்டும். ஏழை நாடும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. ஐம்பது ஏக்கர்க்காரர் தன் ஸ்டோரில் செய்வதை உலக அளவில் செய்யப் பார்த்தார். பணக்கார நாடுகள் இழுத்தடித்தன. நிதி 1989-இல் நடைமுறைக்கு வந்தபோது அதில் உயிர் இல்லை. அதே வருஷம் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிக் கோட்டாவும் உடைந்து காப்பி விலை சரிந்தது.

காத்திருக்க முடியாத நெருக்கடி நம் நாட்டுக்கும் வந்தது. 1991-இல் சில வார இறக்குமதிக்குத்தான் டாலர் இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வீடுகளில் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகிற மாதிரி, ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் சுமார் 47 டன் விமானமேறி இங்கிலாந்து, ஜப்பான் வங்கிகளுக்கு ஈடாகப் போனது. அப்போது நிதியமைச்சர் மன்மோகன் சிங். அதற்கு முந்தைய வருஷம்வரை அவர் ஜெனிவாவில், தான்சானியாவின் ஜூலியஸ் நியரேரே தலைமையிலான தெற்கு ஆணையத்தின் பொதுச் செயலர். தெற்கு நாடுகள் ஒன்றுசேர்ந்து தங்கள் காலில் நிற்க வேண்டும் என்று அறிக்கை எழுதிய மேசையிலிருந்து வந்தவர் சந்தையைத் திறந்துவிட்டார். அவரைத் துரோகி என்பாரும் உண்டு, மீட்பர் என்பாரும் உண்டு. எனக்கு இரண்டும் அவசரப் பேச்சாகத் தெரிகிறது. கையில் சில வாரக் காசோடு நின்ற நாட்டுக்கு எத்தனை வழிகள் திறந்திருந்தன என்பதை முதலில் எண்ணிப் பார்.

இனி நீ எதிர்பாராத இடத்துக்கு வருகிறேன். பென்னிகுக்.

நம் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருக்கிறது. தை பிறந்தால் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அவர் கட்டி 1895-இல் திறந்த முல்லைப் பெரியாறு அணை இல்லாவிட்டால் ஜூன் முதல் தேதி மதகு திறந்து, இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது எங்கே? கும்பிடுவதில் தப்பே இல்லை. நானும் கும்பிடுகிறேன். ஆனால் அந்த அணைக்கு முன்கதை ஒன்று இருக்கிறது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அப்போது பஞ்சம் பார்க்க அனுப்பப்பட்டவர் ரிச்சர்ட் டெம்பிள். சில வருஷம் முன்பு வங்காளம், பீகார் பக்கம் பஞ்சம் வந்தபோது தாராளமாகத் தானியம் இறக்கிச் சாவைத் தடுத்தவர். காசை வீணடித்தார் என்று அதற்காகத் திட்டும் வாங்கியவர். அதனால் இங்கே சிக்கனம் காட்டினார். நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், கூட ஒரு சிறு காசும். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். இது போதாது, உடம்பு கரைந்துவிடும் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற வெள்ளைக்காரரே எழுதி எழுதிச் சண்டை போட்டார். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது. பசித்தவனால் எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்று தெரிந்து வைத்த கூலி அது.

தாதாபாய் நவுரோஜி இந்தியாவின் வறுமை என்று கட்டுரை வாசித்ததும் 1876-இல்தான். வருஷா வருஷம் இந்தியாவின் செல்வம் திரும்பாத பாதையில் இங்கிலாந்துக்கு வடிகிறது என்று அரசாங்கத்தின் புள்ளிவிவரத்தை வைத்தே காட்டினார். பஞ்சத்துக்குப் பிறகுதான் பெரியாற்றுத் திட்டம் வேகம் பிடித்தது. 1886-இல் அணைக்கான நிலத்துக்கு வெள்ளைக்காரர்கள் திருவிதாங்கூரோடு குத்தகை போட்டார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், காலம் 999 வருஷம். இங்கே கொஞ்சம் நில். 999 வருஷம் என்று ஒரு சமஸ்தானம் சந்தோஷமாகவா கையெழுத்துப் போட்டிருக்கும்? எதிரில் உட்கார்ந்திருந்தது பேரரசு. மலையாளத்து நண்பர் ஒருவர் இதைச் சமமில்லாத ஒப்பந்தம் என்று என்னிடம் வாதாடினார். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில்தான் என் தாத்தா நட்டார், நானும் சோறு தின்றேன். தண்ணீர் வேண்டும் என்கிற நம் உரிமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வரலாற்றில் நாம் எப்போதும் அடிபட்ட பக்கம் மட்டும்தான் நின்றோம் என்று நீ எழுதினால் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

உன் பாடத்திட்டத்தில் ஒரு பெயர் இல்லாதது எனக்கு மனத்தாங்கல்தான். ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், பம்பாயில் தொழில் நடத்தியவர். நானும் கணக்குப்பிள்ளை என்பதால் எனக்கு அவர்மேல் கூடுதல் பிரியம் என்று வைத்துக்கொள். அமெரிக்காவில் படிக்கும்போது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஒரு தேவாலயத்தில் பேசினார். பேச்சு பத்திரிகையில் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன் அதைப் பார்த்துவிட்டு அதையே ஆராய்ச்சியாக எழுதச் சொன்னார். பிரிட்டிஷ் அரசின் வரவுசெலவைத் தணிக்கைக்காரன் கண்ணோடு பிரித்து, எந்த ரூபாய் எங்கே போகிறது என்று எழுதினார். எழுதி முடித்தபோது ஆளே மாறிவிட்டார். இந்தியா வந்து காந்தியோடு சேர்ந்தார். கடைசிக் காலத்தில் தங்கியது எங்கே தெரியுமா? நமக்குப் பக்கத்தில், டி.கல்லுப்பட்டியில். 1960 ஜனவரி 30 அன்று காலமானார்.

நிலைத்த பொருளாதாரம் பற்றிச் சிறையில் இருந்தபடி அவர் எழுதிய புத்தகம் 1945-இல் வெளிவந்தது. அதில் தேனீ வரும். பூவிலிருந்து எடுக்கிறது, எடுக்கும்போதே மகரந்தத்தைச் சேர்த்துப் பூவைக் காயாக்குகிறது. எடுத்தால் இப்படித் திருப்பிக் கொடுத்து எடுக்க வேண்டும் என்கிறார். ஏலத்தோட்டத்துக்காரர்களுக்கு இது உபதேசமே இல்லை, விவசாயக் குறிப்பு. ஏலப்பூ காய் பிடிப்பதே தேனீயால்தான். விலை ஏற ஏற மருந்தடிப்பும் ஏறியது, தேனீ குறைந்தது. போதாக்குறைக்கு மருந்தின் மிச்சம் காயில் இருக்கிறது என்று சவூதி நம் சரக்கைத் திருப்பவும் செய்தது. 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. ஊரெல்லாம் தோட்டம் குத்தகைக்கு எடுக்க ஓடினார்கள். மூன்று வருஷத்துக்குள் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்து நின்றது. உச்சத்தில் விற்றவர்கள் யார் என்று கேள். ஸ்டோரில் சரக்கு வைத்திருந்தவர்கள்.

பணக்கார வடக்கு, ஏழைத் தெற்கு என்று பேசும்போது எனக்கு ஒரு கடுகடுப்பு உண்டு. தெற்கு என்ற ஒரே பாயில் தோட்ட முதலாளியையும் காய் எடுக்கிற பொம்பளையையும் சேர்த்து உட்காரவைத்துவிடுகிறார்கள். விடிவதற்கு முன் நம் ரோட்டில் நின்று பார். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், நம் ஊர் என்று ஜீப்பில் நெருக்கியடித்துப் பெண்கள் குமுளிக்கும் கம்பமெட்டுக்கும் ஏறுகிறார்கள். ஏலக்காய் மேலே காய்ப்பதில்லை, தூரடியில் சரம் சரமாகத் தரையில் கிடக்கும். குனிந்தும் குந்தியும் முற்றிய காயை மட்டும் நகத்தால் கிள்ள வேண்டும். ஈரம், அட்டை. அந்தத் தோட்டங்களில் பல நம் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்தம். இங்கே ஏகாதிபத்தியம் என்று யாரைக் கைகாட்டுவாய்?

இலங்கையின் எஸ்.பி.டி. டி சில்வா 1982-இல் எழுதிய தடித்த புத்தகத்தைத் தேடிப் படி. தோட்டங்கள் நவீனமானவை என்ற பேச்சை உடைக்கிறார். ஏற்றுமதிக் கம்பெனிகளும் ஏஜென்சிக் கம்பெனிகளும் வியாபாரப் புத்தியோடு நடத்தியவை அவை, மலிவுக் கூலி கிடைத்தவரை தொழிலை மேம்படுத்த அவசியமே இருக்கவில்லை என்பது அவர் வாதம். நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போன கதைக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. கூடவே 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததையும் படி. போனஸைப் பத்து சதவீதமாகக் குறைத்ததும், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தொழிலாளிகள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனியை மட்டுமா எதிர்த்தார்கள்? தங்கள் பெயரில் பேசிய சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் அண்டவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள். போனஸ் கிடைத்தது. பிறகு தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது, அவர்கள் கேட்டதோ 500. ஒரு நாள் வேலை போனால் அடுப்பெரியாத வீட்டுக்காரர்கள் ஒன்பது நாள் எப்படிக் காத்திருந்தார்கள், யார் சோறாக்கினார்கள், யார் கடன் கொடுத்தார்கள் என்பதை எவராவது விவரமாக எழுதியிருந்தால் எனக்கு அனுப்பு. பிரெபிஷ் முதல் கொரயா வரை தேடியதன் விடை அதற்குள் கொஞ்சம் இருக்கும் என்று தோன்றுகிறது.

கடைசியாக எகிப்தில் பிறந்த சமீர் அமீன். டாக்கரில் இருந்து வேலை பார்த்தவர், 2018-இல் காலமானார். உலகச் சந்தையின் பிடியைத் தளர்த்திக்கொள், வெளி வியாபாரத்தை உன் நாட்டின் தேவைக்குக் கீழ்ப்படிய வை என்றார். கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார் என்று பலர் தப்பாகச் சொல்வார்கள். அதெல்லாம் நடக்கிற காரியமா என்று உன் பேராசிரியர் கேட்டால் ஏலக்காயைச் சொல். சவூதி கையை விட்டுப் போன பிறகும் போடி பிழைத்ததற்கு ஒரே காரணம், நம் காயில் பெரும்பகுதியை நம் நாட்டிலேயே தின்கிறோம். குவாத்தமாலாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வெளியே விலை விழுந்தால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. ஆனால் நம் காயை மொத்தமாக வாங்குகிறவர்களில் பெரிய கை யாருடையது என்று பார்த்தால், பாயசமும் பிரியாணியும் மட்டுமில்லை, கான்பூர்ப் பக்கத்துப் பான் மசாலா ஆலைகளும்தான். நம்மைத் தாங்குகிற உள்நாட்டுச் சந்தையில் ஒரு பங்கு, எவனோ ஒருவனின் வாயைப் புண்ணாக்குகிற பொட்டலத்தில் இருக்கிறது. அமீன் இதற்கு என்ன சொல்லியிருப்பாரோ! உன் முதல் கட்டுரைக்கு இதை எடுத்துக்கொள். எழுதுவதற்கு முன் லீவில் வந்து போடி ஏலக்கூடத்தில் ஒரு நாள் உட்கார், மறுநாள் ஜீப்பில் மலையேறு. யாரைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். வாங்குகிறவன் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடாதே.